கூல் சேஞ்ச் எத்தனை மணிக்கு? 26ஆம் தேதி வெயிலும் மாலைப் பிறந்தநாளும்

பிப்ரவரி 23, இரவு 8.50 (கேள்வி)

தஞ்சாவூரிலிருந்து மெல்பர்ன் வந்து எட்டு மாதம் ஆகிறது. கிளைட் நார்த்தில் குடியிருக்கிறோம். வரும் 26ஆம் தேதி மகளுக்கு முதல் பிறந்தநாள். பெர்விக் பக்கம் ஒரு பூங்காவில் மாலை ஆறு மணிக்கு அறுபது பேரை அழைத்திருக்கிறேன். அங்கேயே விறகு அடுப்பு மூட்டிப் பிரியாணி செய்வதாகத் திட்டம். கைப்பேசிச் செயலி அன்றைக்கு அதிகபட்சம் 39, குறைந்தபட்சம் 22 என்று காட்டுகிறது. தஞ்சாவூர்க்காரனுக்கு 39 ஒரு பொருட்டே அல்ல. மாலையில் எப்படியும் 30க்குக் குறையாது, குழந்தைக்குப் பருத்திச் சட்டை போதும் என்று நினைக்கிறேன். குளிர் முகப்பு ஒன்று வருவதாகச் செய்தியில் சொன்னார்கள். அது வந்தால் மழை பெய்து சூடு தணியும், நல்லதுதானே? தெரிந்தவர்கள் சொல்லவும்.

பிப்ரவரி 23, இரவு 9.35 (பதில்)

39 உங்களுக்குப் பொருட்டல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன், தம்பி. உங்களை ஏமாற்றப் போவது அந்த 22தான். இங்கே ஒரு நாளின் குறைந்தபட்சம் என்று பதிவாவது காலை 9 மணியோடு முடியும் 24 மணி நேரத்தில் இறங்கிய அளவு. அதிகபட்சம் என்பது அந்த 9 மணிக்குப் பிறகு ஏறிய அளவு. ஆகவே செயலியில் நீங்கள் பார்க்கும் 22 என்பது 26ஆம் தேதி விடியற்காலையின் கணக்கு. அன்று மாலை எவ்வளவு இறங்கும் என்பதை அந்த இரண்டு எண்களில் எதுவும் சொல்லவில்லை. அது மறுநாள் கட்டத்தில் போய் ஒளிந்துகொண்டிருக்கும். 27ஆம் தேதிக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். எனக்கு 20 என்று காட்டுகிறது, அதுவும் அதிகபட்சம்.

மாலை ஆறு மணிக்கு உங்கள் பூங்காவில் 36 டிகிரியும் இருக்கலாம், 21 டிகிரியும் இருக்கலாம். இடைப்பட்ட 28, 29 என்பது இருபது நிமிடத்துக்கு மேல் தங்காது. அதனால் எத்தனை டிகிரி என்று கேட்பதை விட்டுவிட்டு, காற்று எத்தனை மணிக்குத் திரும்பும் என்று கேளுங்கள். பியூரோ என்று இங்குள்ளவர்கள் அழைக்கும் வானிலைத் துறையின் முன்னறிவிப்பில் எண்களுக்குக் கீழே ஒரு வாக்கியம் இருக்கும்: வடக்குக் காற்று இத்தனை வேகத்தில் வீசும், பிற்பகலின் பிற்பகுதியில் குளிர்ந்த தென்மேற்காக மாறும் என்று. பெரும்பாலோர் படிக்காமல் கடந்து போகும் வாக்கியம் அதுதான். நானும் இரண்டு கோடைகள் படிக்காமல் கடந்தவன்.

விறகு அடுப்பைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 23, இரவு 10.10

விறகு அடுப்பு. விக்டோரியா மாநிலத்தைத் தீத்தடைக்காக 9 மாவட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கிளைட், பெர்விக், நாரே வாரன் எல்லாம் மத்திய மாவட்டத்தில் அடங்கும். ஒரு மாவட்டத்துக்கு முழுத் தீத்தடை அறிவித்துவிட்டால் திறந்த வெளியில் விறகு, கரி எதையும் மூட்டக் கூடாது. பெரும்பாலும் முதல் நாள் பிற்பகலிலேயே அறிவித்துவிடுவார்கள். தடை நள்ளிரவில் தொடங்கி அடுத்த நள்ளிரவில் முடியும். மாலையில் காற்று குளிர்ந்து, நீங்கள் போர்வை போர்த்திக்கொண்டு நின்றாலும் தடை தடைதான். "இப்போது 18 டிகிரிதானே" என்று சொல்லிக் கரியைப் பற்றவைத்தவர் ஒருவர் என் நண்பர் வட்டத்தில் உண்டு; அவர் கட்டிய அபராதத்தில் மூன்று பிறந்தநாள் நடத்தியிருக்கலாம்.

பிரியாணியை வீட்டுக்குள் எரிவாயு அடுப்பில் செய்து எடுத்துப் போங்கள். சுவை குறையும் என்பது எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 23, இரவு 10.40

"குளிர் முகப்பு" என்ற சொல்லைப் பற்றி ஒரு சிறு விலகல். பள்ளிப் புவியியல் புத்தகத்தில் "குளிர் வளிமுகம்" என்று மனப்பாடம் செய்து, நீல முக்கோணங்கள் வரைந்து, மதிப்பெண்ணும் வாங்கினோம். ஆனால் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த யாரும் அதை மேனியில் உணர்ந்ததில்லை, ஏனென்றால் இரு வேறு குணமுள்ள காற்றுத் திரள்கள் மோதும் அந்த எல்லைக்கோடு நடு அகலாங்குகளின் சமாச்சாரம். நம் ஊர் வெப்பமண்டலம். இங்கே வந்துதான் அந்த நீல முக்கோணம் கதவைப் படாரென்று அடித்துச் சாத்துவதைப் பார்த்தேன். இந்த ஊர்க்காரர்கள் அதை "கூல் சேஞ்ச்" என்பார்கள், அதிலும் பாதியை விழுங்கிவிட்டுச் "சேஞ்ச் வந்துவிட்டதா?" என்று மட்டும் கேட்பார்கள்.

நம் மொழியில் காற்றுக்குத் திசை வைத்துத்தான் பெயர். வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்குக்குக் கொண்டல், மேற்குக்குக் கோடை. இந்தப் பெயர்களை இங்கே கொண்டுவந்து பொருத்தினால் எல்லாம் தலைகீழ். வாடை என்றால் நமக்கு நடுக்கம். இங்கே வாடைதான் பாலைநிலத்திலிருந்து அடுப்பைச் சுமந்துகொண்டு வருகிறது. தென்றல் என்றால் நமக்குச் சந்தனம். இங்கே தென்றல் அண்டார்க்டிகா பக்கமிருந்து தென்பெருங்கடலைக் கடந்து வந்து, வெளியே உலர்த்திய துணியோடு உங்களையும் உள்ளே விரட்டும்.

பிப்ரவரி 24, காலை 7.20

இப்போது வரைபடம். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையிலுள்ள டாஸ்மன் கடலுக்கு மேல் ஓர் உயரழுத்தம், அதாவது காற்றழுத்தம் மிகுந்த பகுதி, உட்கார்ந்திருக்கிறது. தென் அரைக்கோளத்தில் உயரழுத்தத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகச் செல்வதால், அதன் மேற்கு ஓரத்தில் இருக்கும் நமக்கு வடக்கிலிருந்து காற்று வருகிறது. அதாவது கண்டத்தின் நடுவிலுள்ள காய்ந்த நிலப்பரப்பின் மேல் நாள்கணக்கில் சூடேறிய காற்று. மேற்கே, ஆஸ்திரேலியப் பெருவளைவுக்குத் தெற்கே முகப்பு கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையில் சமஅழுத்தக் கோடுகள் நெருங்க நெருங்க வடக்குக் காற்று முறுக்கேறும். ஆகவே 26ஆம் தேதியில் மிகச் சூடான நேரமும் மிக வேகமான வடக்குக் காற்றும் முகப்பு வருவதற்குச் சற்று முன்னால்தான் இருக்கும்.

வட்டார வாரியாக என் கணிப்பு. (நான் வானிலை படித்தவன் அல்லன், பதினேழு ஆண்டுகளாகக் கொல்லைப்புறத்தில் ஒரு வெப்பமானியை வைத்துக்கொண்டு கத்துகிறவன். அதிகாரபூர்வமான அறிவிப்பையே நம்புங்கள்.)

தென்மேற்குக் கடற்கரை, அதாவது போர்ட்லாந்து, வார்ணம்பூல் பக்கம் நண்பகலை ஒட்டியே மாறிவிடும். அவர்களுக்கு 26ஆம் தேதி என்பது அரை நாள் வெயில். ஜீலாங்குக்குப் பிற்பகல் மூன்று மணியளவில் வரும், அங்கிருந்து மெல்பர்ன் நகருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். நகரத்தில் நான்கு, நாரே வாரன் பெர்விக் பக்கம் நான்கரை என்று வைத்துக்கொள்கிறேன். தம்பி, உங்கள் ஆறு மணிக்குள் எல்லாம் முடிந்து கூதல் அடிக்கும். குழந்தைக்குக் கம்பளிச் சட்டை எடுத்து வையுங்கள்.

பெரும் பிரிப்பு மலைத்தொடருக்கு வடக்கே கதை வேறு. பெண்டிகோ, எச்சூக்கா, ஷெப்பர்ட்டனில் பகல் முழுவதும் சூடான தரை முகப்பைத் தயங்க வைக்கும். இரவாகும்போதுதான் அது நகர்ந்து வரும். மில்டூராவில் வேகம் குறைந்து பெயரளவுக்கு வரலாம். கிழக்கே வாங்கரட்டா, வொடோங்கா பக்கம் இரவில் இடி மின்னல். மலையுச்சிகளில் 27ஆம் தேதி இரவு சில துளிப் பனி விழுந்தாலும் வியக்க மாட்டேன். இங்கே கோடையிலும் அது நடப்பதுண்டு. மாநிலத்தின் கிழக்கிலுள்ள கிப்ஸ்லாந்துக்கு நமக்குச் சற்றுப் பின்னால், அதே அளவு சூடு.

பிப்ரவரி 24, இரவு 9.00

மில்டூரா பக்கமிருந்து ஓர் அன்பர் எழுதியிருக்கிறார்: "நீங்கள் எல்லோரும் சேஞ்சுக்குக் காத்திருக்கிறீர்கள், நாங்கள் அது வராமல் இருக்க வேண்டுகிறோம்." நியாயம். இது உலர் திராட்சைக் காலம். கொடியோடு கிளையை வெட்டிவிட்டு அங்கேயே உலரவிட்டாலும் சரி, கம்பி அடுக்குகளில் பரப்பினாலும் சரி, பாதி உலர்ந்த பழத்தின் மேல் இரண்டு தூறல் விழுந்து, அடுத்து ஈரமான இரண்டு நாள்கள் வந்தால் பூஞ்சை பிடித்துவிடும். அவருக்கு 39 டிகிரி வடக்குக் காற்று கூலியில்லாத வேலையாள். உங்கள் பக்கம் மழை வராது என்றே நினைக்கிறேன், ஐயா. வந்தால் என்னைத் திட்டுங்கள்.

இதிலிருந்து கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். முகப்பு வந்தால் மழை வரும், மழை வந்தால் ஆபத்து தீரும் என்று தம்பி எழுதியிருந்தார். கோடை இறுதியில் இங்கே வரும் முகப்புகள் பல வறண்டவை. குளிர்காற்று ஓர் ஆப்பு போலச் சூடான காற்றின் அடியில் புகுந்து அதை மேலே தூக்குகிறது என்பது உண்மை. ஆனால் மேலே போகும் காற்றில் ஈரமே இல்லையென்றால் எதைக் கொண்டு மழை பெய்யும்? காற்றின் திசை மாறும், வெப்பம் இறங்கும், ஒரு சொட்டு விழாது. காட்டில் ஏற்கெனவே தீ இருந்தால் அந்தத் திசைமாற்றம்தான் மிகக் கெடுதலான நேரம்.

ஏன் என்பதற்கு நான் வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்டிய கணக்கு: நீளமான கோரைப்பாயை விரித்து, அதைத் தலைமாட்டுப் பக்கமாகப் பிடித்து இழுத்தால் பாயின் அகலம் எவ்வளவோ அவ்வளவு தரையைத்தான் அது தேய்த்துக்கொண்டு போகும். அதே பாயை நீளப் பக்கத்தில் பிடித்துக் குறுக்கே இழுத்தால் கூடம் முழுவதையும் துடைத்துவிடும். வடமேற்குக் காற்றில் தீ தென்கிழக்காக ஒடுங்கிய நீளக் கோடாக ஓடுகிறது. தென்மேற்குக் காற்று வந்த நிமிடத்தில், அதுவரை பக்கவாட்டாக இருந்த கிலோமீட்டர் கணக்கான நீளம் முழுவதும் தீயின் முகமாகி வடகிழக்கே புறப்படுகிறது.

பிப்ரவரி 24, இரவு 11.25

எழுதிவிட்டுப் படுக்கப் போனேன், தூக்கம் வரவில்லை. மேலே எழுதியதைப் பாடம் நடத்துவது போல எழுதியிருக்கிறேன். நான் அதைக் கற்றது பாடமாக அல்ல.

2009 பிப்ரவரி 7, சனிக்கிழமை. நாங்கள் வந்து ஓர் ஆண்டு ஆகியிருந்தது. டாண்டினாங்கில் வாடகைக்கு மாடி வீடு, குளிரூட்டி கிடையாது. சனவரி கடைசியில் மூன்று நாள் தொடர்ந்து 43க்கு மேல் அடித்த வெயிலிலிருந்தே மீண்டிருக்கவில்லை. அன்றைக்கு நகரத்தில் 46.4. மாநிலத்தின் வடமேற்கில் ஹோப்டவுனில் 48.8. ஈரத்துண்டைச் சன்னலில் கட்டி, குழந்தையைத் தரையில் படுக்கவைத்து, பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாலையில் ஒரு நொடியில் திரைச்சீலை எதிர்ப்பக்கமாக உப்பியது. குளிர்ந்த காற்று. நான் எல்லாச் சன்னலையும் திறந்துவிட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு, மாடிப்படியில் நின்று "வந்துட்டுது, வந்துட்டுது" என்று கத்தினேன். கீழ்வீட்டு வியட்நாமியப் பாட்டியும் வெளியே வந்து கைதட்டினார். இருவரும் சிரித்தோம்.

மேரிஸ்வில் என்ற மலையூர் அழிந்தது அந்தக் காற்று திரும்பிய பிறகுதான். முரிண்டிண்டியில் தொடங்கிய தீ அதுவரை ஊரை விட்டு விலகிய திசையில் ஓடிக்கொண்டிருந்தது. நண்பகலுக்குச் சற்று முன் கில்மோர் ஈஸ்ட்டில் மின்கம்பி அறுந்து தொடங்கிய தீயின் நீண்ட பக்கமும் அதே மாலையில்தான் முகமாகத் திரும்பியது. அந்த ஒரு தீயில் மட்டும் 119 பேர். அன்றைய தீக்கள் எல்லாவற்றிலும் சேர்த்து 173 பேர். மறுநாள் காலை தொலைக்காட்சியைப் போட்டபோது நான் முந்தின மாலை படிக்கட்டில் நின்ற நேரத்தைக் கணக்குப் பார்த்தேன். இன்றும் பார்க்கிறேன்.

பிப்ரவரி 25, காலை 6.50

நேற்று இரவு எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை. பிறந்தநாள் பற்றிய கேள்விக்கு இது அதிகம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், இருக்கலாம். ஆனால் பூங்கா இருக்கும் பெர்விக்கிலிருந்து வடகிழக்கே காரில் பத்து நிமிடம் போனால் அப்பர் பீக்கன்ஸ்ஃபீல்டு. 1983 பிப்ரவரி 16, சாம்பல் புதன் அன்று அங்கே காற்று திரும்பியபோது 12 தீயணைப்புத் தொண்டர்கள் தங்கள் வண்டிகளோடு சிக்கி மாண்டார்கள். ஒரு வண்டி பாண்டன் ஹில்லிலிருந்து வந்தது; மற்றொன்று நம் நாரே வாரன் வண்டி. விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் சேர்த்து அன்று 75 பேர் இறந்தார்கள். அதற்கு எட்டு நாள் முன்பு இதே போன்ற ஒரு முகப்புதான் மாநிலத்தின் வடமேற்கிலுள்ள மாலி வட்டாரத்தின் காய்ந்த மண்ணை அள்ளிக்கொண்டுவந்து நகரத்தைப் பட்டப்பகலில் இருட்டாக்கியிருந்தது. நம்மவர்கள் வீடு கட்டிக் குடியேறும் புறநகர்களின் விளிம்பு அந்த மலைகளைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 25, மாலை 5.15

மத்திய மாவட்டம் உட்படப் பல மாவட்டங்களுக்கு நாளை முழுத் தீத்தடை அறிவிக்கப்பட்டுவிட்டது. விறகு அடுப்பு விவாதம் இத்துடன் முடிந்தது. "மண்ணெண்ணெய் அடுப்பு?" என்று கேட்டவருக்கு: வேண்டாம், அண்ணா.

ஒரு பிழைத்திருத்தம். முகப்பு வரும், காற்று திரும்பும் என்று இரண்டையும் ஒன்றாகவே எழுதி வந்தேன். கோடையில் பெரும்பாலும் முகப்புக்கு முன்னால் ஓர் அழுத்தத் தாழ்வுக்கோடு (காற்றழுத்தம் குறைந்த நீண்ட பட்டை) ஓடிவரும்; காற்று முதலில் திரும்புவது அதோடுதான். உண்மையான முகப்பும் அதன் பின்னுள்ள நல்ல குளிரும் சில மணி நேரம் கழித்து இரண்டாவது தவணையாக வந்து சேரும். எனவே நாளை மாலை ஒருமுறை திரும்பியதோடு கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இரவு இன்னொரு தள்ளு இருக்கலாம்.

பிப்ரவரி 26, காலை 8.10

இப்போதே 29. வானம் நீலமாக இல்லை, வெளுத்த செம்பு நிறம். யூகலிப்டசு மரப்பட்டைகள் நாடா நாடாக உரிந்து கூரைத் தகரத்தில் விழுகின்றன. மூக்கின் உட்புறம் காய்ந்து வலிக்கிறது. என் மனைவி இந்த வெயிலை வீணாக்கக் கூடாது என்று ஜவ்வரிசி வடாம் காய்ச்சி, கொல்லையில் துணி உலர்த்தும் கொடிக்கு அடியில் என் பழைய எட்டு முழ வேட்டியை விரித்துப் பிழிந்துவிட்டார். நான்கு ஓரத்திலும் செங்கல். ஊரில் இரண்டு நாள் ஆகும். இந்தக் காற்றில் மதியத்துக்குள் கலகலவென்று ஆகிவிடும்.

பிப்ரவரி 26, பிற்பகல் 2.05

வந்துவிட்டது! பிராங்க்ஸ்டனில் இருக்கும் நண்பர் அழைத்தார், கடற்கரையில் காற்று திரும்பிவிட்டது, ஒரே அடியில் எட்டு டிகிரி இறக்கம். நான் சொன்னதைவிட முன்னதாகவே. தம்பி, இரண்டு மணி நேரத்தில் உங்கள் பூங்கா குளிர்ந்திருக்கும்.

பிப்ரவரி 26, பிற்பகல் 2.40

மேலே உள்ளதை நம்ப வேண்டாம். அது சேஞ்ச் அல்ல, வளைகுடாக் காற்று. வடக்குக் காற்று சற்றே அயர்ந்த நேரத்தில் போர்ட் பிலிப் வளைகுடாவின் குளிர்ந்த நீர்மேலிருந்து ஒரு சிறு காற்று கரையேறி, நான்கு தெருவைக் குளிப்பாட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. நண்பருக்கு மறுபடியும் 37. பதினேழு ஆண்டு அனுபவம் என்று மார்தட்டியவன் இதை ஜீலாங் பதிவைப் பார்த்தே உறுதி செய்திருக்க வேண்டும். கடற்கரைக்காரர்கள் சொல்வதை மட்டும் கேட்டு ஒருபோதும் அறிவிக்கக் கூடாது என்று எனக்கு நானே ஐந்தாவது முறையாகச் சொல்லிக்கொள்கிறேன். வார்ணம்பூல் மாறிவிட்டது, அது உண்மை. ஜீலாங் இன்னும் வடக்கு.

பிப்ரவரி 26, மாலை 4.35

நான் குறித்த நான்கரை மணி வந்துவிட்டது, சேஞ்ச் வரவில்லை. நிழலில் 38.6. ஜீலாங் பக்கம் இப்போதுதான் தென்மேற்கு. அப்படியானால் நமக்கு ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில். விருந்தினர் வந்து இறங்கும் நேரம் பார்த்து வரப்போகிறது. கட்டிய பலூன்களை அவிழ்த்துவிடுங்கள். துணிப்பந்தல் போட்டிருந்தால் கால்களை இறக்கிவிடுங்கள்.

பிப்ரவரி 26, மாலை 6.20

5.47க்கு வந்தது. முதலில் முழு நிசப்தம், அரை நிமிடம் இலை அசையவில்லை. பிறகு பின்பக்கக் கதவு திறந்து முன்பக்கக் கதவு அறைந்து சாத்தியது. வெப்பமானி 38, 33, 27 என்று கண்ணெதிரே இறங்கி 6.10க்கு 23இல் நின்றது. எல்லோருக்கும் பந்தலை இறக்கச் சொன்ன நான் என் கொல்லையில் கிடந்த வேட்டியை மறந்துவிட்டேன். செங்கல்கள் வடக்குக் காற்றுக்குத்தான் காவல் இருந்தன. தென்மேற்குக் காற்று அடியில் புகுந்து, வேட்டியைப் பாய்மரம் போல உப்பவைத்து, ஏழு வரிசை வடாமோடு வேலிக்கு மேல் தூக்கி அடுத்த வீட்டில் இறக்கியது. அங்கே ஒரு லாப்ரடார் நாய் உண்டு. நான் எட்டிப் பார்த்தபோது அது மூன்றாவது வரிசையில் இருந்தது. ஆப்பு போல அடியில் புகும் என்று முந்தாநாள் நான்தான் எழுதினேன். மனைவி அதை உரக்கப் படித்துக் காட்டினார்.

மழை ஒரு சொட்டும் இல்லை.

பிப்ரவரி 26, இரவு 10.15

இரண்டாவது தள்ளு ஒன்பதே முக்காலுக்கு வந்தது. இப்போது 16. பூங்காவிலிருந்து தம்பி படம் அனுப்பியிருக்கிறார்: குழந்தை அவருடைய கோட்டுக்குள் மூக்கு மட்டும் தெரிய உட்கார்ந்திருக்கிறது, அறுபது பேரில் நாற்பது பேர் காருக்குள் பிரியாணித் தட்டோடு இருக்கிறார்கள். கேக் மெழுகுவர்த்தியை யாராலும் ஏற்ற முடியவில்லையாம், காற்றே ஊதிவிட்டது.

பிப்ரவரி 27, காலை 9.30

திருத்தங்கள்.

ஒன்று, கிப்ஸ்லாந்து. "அதே அளவு சூடு" என்று எழுதியிருந்தேன். பெயர்ன்ஸ்டேல் பக்கமிருந்து ஓர் அக்கா சரியாகவே கோபித்துக்கொண்டார். அவர்களுக்கு வடமேற்குக் காற்று மலையைத் தாண்டிக் கீழே இறங்கி வருகிறது. இறங்கும் காற்று அழுந்திச் சூடேறும். எனவே சேஞ்சுக்கு முந்தைய அந்தக் கடைசி இரண்டு மணி நேரத்தில் கிழக்குக் கிப்ஸ்லாந்து மெல்பர்னைவிடச் சூடாக இருப்பது புதிதல்ல. மெல்பர்னிலிருந்து பார்ப்பவனுக்கு மாநிலம் நகரத்தின் தென்கிழக்கு விளிம்பிலுள்ள பேக்கன்ஹாமோடு முடிந்துவிடுகிறது என்று அவர் எழுதியதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

இரண்டு, நேரம். ஒரு மணி நேரத்துக்கு மேல் தவறினேன். போர்ட்லாந்திலிருந்து நேர்கோட்டில் வேகத்தைப் பெருக்கிப் பார்த்ததுதான் தவறு. ஆட்வே மலைக்குத் தெற்கே கடல்மேல் முகப்பு ஓடுகிற வேகத்தில் நிலத்தின் மேல் ஓடாது. பியூரோ "பிற்பகலின் பிற்பகுதி முதல் மாலை வரை" என்று மாற்றி எழுதியிருந்ததை நான் கவனித்தும் என் நான்கரையை விடவில்லை.

மூன்று, "கோடை இறுதி முகப்புகள் வறண்டவை" என்றதைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் மழைக்குப் பயமில்லை என்று ஒருவர் முடிவுகட்டியிருக்கிறார். நான் சொன்னது பலவற்றை, எல்லாவற்றையும் அல்ல. 2024 பிப்ரவரி 13 நினைவிருக்கிறதா? அன்றும் சூடான பகல், அன்றும் மேற்கிலிருந்து ஒரு முகப்பு, ஆனால் மேலே ஈரம் இருந்தது. இடிமின்னலோடு வந்த புயற்காற்றில் ஜீலாங்குக்கு வடக்கே அனக்கி அருகில் 6 உயரழுத்த மின்கோபுரங்கள் மடிந்து விழுந்தன. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. அதே நாளில் கிராம்பியன்ஸ் மலையடியில் பொமோனல் என்ற சிற்றூரில் காட்டுத்தீ வீடுகளை எரித்துக்கொண்டிருந்தது. ஒரே முகப்பு, ஒரு பக்கம் தீ, ஒரு பக்கம் இடிபுயல். எங்கள் வீட்டில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. உறைபெட்டியில் இருந்த வஞ்சிரம் முழுவதையும் அக்கம்பக்கத்தார் பதினோரு பேருக்கு ஒரே இரவில் வறுத்துப் போட்டோம்.

பிப்ரவரி 27, இரவு 8.00

மில்டூரா அன்பர்: "காற்று திரும்பியது, மழை இல்லை. பழம் பிழைத்தது. உங்களைத் திட்டும் வாய்ப்பை இழந்தேன்." சிட்னியில் இருப்பவர்கள் கேட்டதற்கு: ஆம், இதே குளிர்காற்றுதான் மலைத்தொடருக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய கரையோரத்தில் நெருக்குண்டு, வேகம் கூடி உங்களுக்கு "சதர்லி பஸ்டர்" என்ற பெயரில் வந்து சேர்ந்தது. சில வேளைகளில் அதன் முன்னால் உருளை போன்ற ஒரு நீண்ட மேகம் புரண்டு வரும். படம் எடுத்தவர் யாராவது இருந்தால் போடுங்கள்.

இங்கே இன்று 19. தூறல். மின்விசிறியைத் தூசி தட்டிய கையோடு கம்பளிப் போர்வையை எடுத்து உதறினேன். தம்பி மார்ச் இரண்டாவது வாரத்தில் புதுமனை புகுவிழா வைத்திருப்பதாகச் சொல்லி, வெளியே பந்தல் போடலாமா என்று கேட்கிறார். இரண்டு வாரம் முன்னால் என்னால் சொல்ல முடியாது. நான்கு நாள் இருக்கும்போது கேளுங்கள், மணியைக் கேளுங்கள்.

பிப்ரவரி 28, பிற்பகல் 3.30

அடுத்த வீட்டுக்காரர் வேட்டியைத் துவைத்து, நான்காக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே, மிச்சமிருந்த ஒன்பது வடாம்களை ஒரு கிண்ணத்தில் போட்டு, இது என்ன, வீட்டுக்கூரையின் பூச்சு ஏதாவது உரிந்து விழுந்ததா என்று கேட்டார். பொரித்துக் கொடுத்தேன். நாய் நேற்றிலிருந்து பிற்பகல் ஆனதும் வேலியோரம் வந்து தெற்கே பார்த்து உட்கார்ந்துகொள்கிறதாம்.

திசை தவறு என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். வடாம் வடக்கிலிருந்துதான் வந்தது. அடுத்த வீடு என் கொல்லைக்குத் தெற்கே இருக்கிறது.

பிப்ரவரி 28, பிற்பகல் 4.15

மன்னிக்கவும், மேலே உள்ளது பிழை. தென்மேற்குக் காற்று பொருளை வடகிழக்குக்குத்தான் கொண்டுபோகும்; அடுத்த வீடு எனக்குக் கிழக்கே. நாய் பார்த்தது சரியாகத்தான் இருக்கிறது: காற்று அங்கிருந்துதான் வரும்.